தாம்பரத்து மழையும் வீட்டுக் கணினியும்

2015 டிசம்பர் 2-ஆம் நாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்தில் 47. இந்த எண்களை அப்படியே கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகளுக்கு அது வெறும் எண்தான். 1 சதுர மீட்டர் பரப்பில் 1 செ.மீ. மழை பெய்தால் 10 லிட்டர் நீர். 49 செ.மீ. என்றால் 490 லிட்டர். 60 சதுர மீட்டர் மொட்டைமாடி உள்ள ஒரு வீட்டின்மேல் அதே அளவு மழை பெய்தால் 29,400 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டு நிரம்பி, மூன்றாவது லாரியும் ஏறக்குறைய பாதி நிரம்பும். ஒரு வீட்டின் மாடியில் மட்டும், ஒரே நாளில். இப்படிச் சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

நான் தாம்பரம் வட்டாரத்தில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன், குடியிருப்பது குரோம்பேட்டையில். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமிருந்து வரும் மாணவர்களின் வீடுகளில் அந்த வெள்ளத்தின் கறை சுவரில் இன்னும் சில இடங்களில் தெரியும். அவர்கள் அப்போது கைக்குழந்தைகள். சிலர் பிறக்கவே இல்லை. ஆனாலும் அது அவர்கள் வீட்டுக் கதை. சான்றிதழ் நனைந்தது, தையல் இயந்திரம் போனது, ஆடு போனது என்று அம்மாவோ ஆயாவோ சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள். காலநிலை பாடத்தில் "2015 சென்னை வெள்ளத்துக்குக் காரணம் என்ன?" என்று கேட்டால் பெரும்பாலோர் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்: புவி வெப்பமயமாதல். நாமும் மதிப்பெண் போட்டுவிடுகிறோம்.

ஒரு ஒன்பதாம் வகுப்பு மாணவி கேட்டாள்: "அது எப்படி சார் தெரியும்? நம்ம ஊர் மழைக்கு அதுதான் காரணம்னு யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தாங்களா?"

பார்த்தார்கள். அந்தக் கணக்கின் ஒரு பகுதியைப் போட்டவை ஆராய்ச்சிக்கூடத்து மீத்திறன் கணினிகள் அல்ல. உலகின் பல மூலைகளில் சாதாரண மக்கள் தங்கள் வீட்டில் வைத்திருந்த மேசைக் கணினிகளும் மடிக்கணினிகளும். அந்தக் கணக்கை நம் வீட்டுக் கணினியிலும் ஓட்டலாம். எப்படி ஓட்டுவது, வகுப்பில் எப்படிக் கற்பிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

இரண்டு உலகங்கள்

ஒரு குறிப்பிட்ட மழைக்கு வெப்பமயமாதல் காரணமா என்று நேரடியாகச் சோதிக்க முடியாது. இன்னொரு பூமி நம்மிடம் இல்லை. ஆகவே கணினிக்குள் இரண்டு பூமிகளை உண்டாக்குகிறார்கள். ஒன்று, இன்றைய கார்பன் டை ஆக்சைடு, இன்றைய கடல் வெப்பநிலை கொண்ட உண்மை உலகம். மற்றொன்று, தொழிற்சாலைப் புகையே இல்லாதிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனை உலகம். அதில் பசுங்குடில் வாயுக்கள் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவில் இருக்கும், கடலின் கூடுதல் வெப்பமும் கழிக்கப்பட்டிருக்கும். இரண்டிலும் அந்தப் பருவத்து வானிலையை ஓட்டிப் பார்க்கிறார்கள். ஒருமுறை ஓட்டினால் போதாது. வானிலை சிறு மாற்றத்துக்கும் திசை மாறுவது. எனவே தொடக்க நிலையை இம்மியளவு மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கான முறை ஓட்ட வேண்டும். பிறகு எண்ண வேண்டும்: உண்மை உலகில் அப்படிப்பட்ட பெருமழை எத்தனை முறை வந்தது, கற்பனை உலகில் எத்தனை முறை வந்தது? இரண்டின் விகிதம்தான் விடை. விகிதம் 2 என்றால், வெப்பமயமாதல் அந்த மழையின் வாய்ப்பை இரட்டிப்பாக்கியது என்று பொருள்.

அரிதான நிகழ்வு என்பதால்தான் இவ்வளவு ஓட்டம் தேவைப்படுகிறது. நூறு ஓட்டத்தில் ஒருமுறைகூட வராத மழையைப் பற்றி நூறு ஓட்டத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இங்கேதான் வீட்டுக் கணினிகள் உள்ளே வருகின்றன.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் மைல்ஸ் ஆலன் என்ற இயற்பியலாளர், காலநிலைக் கணக்கைப் பொதுமக்களின் கணினிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம் என்ற யோசனையை 1999-இல் நேச்சர் இதழில் எழுதினார். 2003 ஜனவரியில் தேம்ஸ் வெள்ளம் ஆக்ஸ்போர்டில் அவருடைய வீட்டை நெருங்கிக்கொண்டிருந்தபோது, இதற்கு யார் பொறுப்பு என்பதை அறிவியல் சொல்ல முடியுமா என்று கேட்டு இன்னொரு கட்டுரையும் எழுதினார். நம் மாணவி கேட்டதும் அதே கேள்விதான், ஊர்தான் வேறு. அதே 2003 செப்டம்பரில் 'கிளைமேட் பிரடிக்‌ஷன்' திட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. குறிப்பிட்ட வட்டாரங்களின் வானிலைக்காக அதிலிருந்து கிளைத்தது 'வெதர் அட் ஹோம்'. பிரிட்டன் வானிலைத் துறையின் மாதிரிதான் அதில் ஓடுகிறது: உலகம் முழுவதற்கும் ஒரு கரடுமுரடான மாதிரி, அதற்குள் தெற்காசியா போன்ற ஒரு வட்டாரத்துக்கு நுட்பமான மாதிரி. நுட்பமானது என்றாலும் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். சென்னையிலிருந்து செங்கல்பட்டு வரை அதற்கு ஒரே கட்டம் போலத்தான். குரோம்பேட்டை என்று ஓர் ஊர் இருப்பதே அதற்குத் தெரியாது. இதையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். மாதிரி என்பது நிலப்படம் போன்றது, ஊர் அல்ல.

எதிர்பாராத விடை

2015 டிசம்பர் சென்னை மழையைப் பற்றிய ஆய்வு 2016-இல் அமெரிக்க வானிலையியல் சங்கத்தின் இதழில் வந்தது. நெதர்லாந்தின் கீர்ட் யான் வான் ஓல்டன்போர்க், ஆக்ஸ்போர்டின் ஃபிரடரிக்கே ஓட்டோ, கார்ஸ்டன் ஹௌஸ்டைன், டெல்லி ஐ.ஐ.டி.யின் கிருஷ்ணா அச்சுதராவ் ஆகிய நால்வரும் எழுதியது. நீண்ட கால மழைப் பதிவுகளையும் பார்த்தார்கள்; கணினி மாதிரிகளையும் பார்த்தார்கள்; அவற்றில் ஒன்று வீட்டுக் கணினிகளில் ஓடிய வெதர் அட் ஹோம்.

முடிவு: இந்த ஒருநாள் பெருமழையில் புவி வெப்பமயமாதலின் விளைவு எதுவும் தென்படவில்லை.

இதை முதலில் வகுப்பில் சொன்னபோது பிள்ளைகளுக்கு ஏமாற்றம். ஒருவன், "அப்ப பாடப்புத்தகம் தப்பா சார்?" என்றான். புத்தகம் தப்பு இல்லை. வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல், அது மாறவில்லை. அப்படியானால் விளைவு ஏன் தென்படவில்லை? ஆய்வாளர்கள் சொல்லும் பெரும்பாலும் சாத்தியமான காரணம், காற்றில் மிதக்கும் நுண்துகள்கள். நம் வாகனப் புகை, அனல்மின் நிலையப் புகை, அடுப்புப் புகை எல்லாம் சேர்ந்து சூரிய ஒளியைத் தடுக்கின்றன. நிலத்தையும் கடலையும் சற்றுக் குளிர்விக்கின்றன. பசுங்குடில் வாயு ஒரு பக்கம் இழுக்க, புகைத்துகள் மறுபக்கம் இழுக்க, கயிறு நகராமல் நிற்கிறது. கயிறு நகரவில்லை என்பதால் யாரும் இழுக்கவில்லை என்று சொல்லிவிட முடியுமா?

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. புகைத்துகள் காற்றில் தங்குவது சில நாட்கள், மிஞ்சினால் சில வாரங்கள். கார்பன் டை ஆக்சைடோ நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். நாளை நம் காற்றைச் சுத்தம் செய்தால் (மூச்சுத்திணறும் குழந்தைகளுக்காக அதைச் செய்தே ஆக வேண்டும்) ஒரு பக்கத்து ஆட்கள் கயிற்றை விட்டுவிடுவார்கள். ஆகவே இந்த முடிவு இதுவரைக்குமானது மட்டும்.

மேலும், மழைக்கான காரணம் வேறு, வெள்ளத்துக்கான காரணம் வேறு. 2015 நவம்பரில் மட்டும் சென்னையில் 100 செ.மீ.க்கு மேல் பெய்து ஏரிகள் ஏற்கெனவே ததும்பிக்கொண்டிருந்தன. நெமிலிச்சேரி, செம்பாக்கம், சிட்லபாக்கம் என்று நம் பக்கத்து ஏரிகளை ஒன்றோடொன்று இணைத்த கால்வாய்கள் எங்கே போயின என்பதைப் பழைய நிலப்படத்தை வைத்து மாணவர்களே தேடிப் பார்க்கலாம். அது சமூக அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து செய்ய வேண்டிய தனிப் பாடம், இங்கே விரிக்கவில்லை. "புவி வெப்பமயமாதல்" என்ற ஒரே சொல்லில் எழுதிவிட்டால் அந்தக் கால்வாய்களைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்பது மட்டும் எனக்கு உறுத்துகிறது.

பகிர்ந்து செய்யும் கணக்கு

பெரிய கணக்கைத் துண்டு துண்டாக வெட்டிப் பலரிடம் கொடுத்து, விடைகளைத் திரும்பச் சேர்ப்பதற்குப் பகிர்வுக் கணிமை என்று பெயர். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டு ஒருவருக்கு. அவர் பக்கத்து மேசையைக் கேட்காமலேயே திருத்தலாம். கடைசியில் மதிப்பெண்கள் ஒரே இடத்தில் சேரும். ஒரு துண்டு மற்றொரு துண்டைச் சார்ந்திருக்காத கணக்குகளுக்குத்தான் இந்த முறை பொருந்தும். வானிலை மாதிரியின் ஆயிரம் ஓட்டங்கள் அப்படிப்பட்டவை. ஒரே ஓட்டத்தை ஆயிரம் வீடுகளுக்குப் பிரிப்பது மிகக் கடினம். ஆயிரம் ஓட்டங்களை ஆயிரம் வீடுகளுக்குக் கொடுப்பது எளிது.

பொதுமக்களிடையே இதைப் பரப்பியது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து 1999 மே மாதம் தொடங்கிய 'செட்டி அட் ஹோம்'. வேற்றுக்கிரகத்து வானொலிச் சைகைகளைத் தேடும் திட்டம். 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள்; 2020 மார்ச் இறுதியில் புதிய பணிகள் அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. வேற்றுக்கிரகவாசி யாரும் அகப்படவில்லை. ஆனால் அந்தக் குழுவின் டேவிட் ஆண்டர்சன் உருவாக்கிய 'பாயிங்க்' என்ற மென்பொருள் பிழைத்துக்கொண்டது. இன்று பல அறிவியல் திட்டங்களுக்கு அதுவே பொதுவான வண்டி. காசநோய், புற்றுநோய் ஆய்வுகளுக்கு உதவும் 'வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட்', விண்மீன்களின் ஈர்ப்பலைகளையும் துடிப்பு விண்மீன்களையும் தேடும் 'ஐன்ஸ்டைன் அட் ஹோம்' எல்லாம் இதில்தான் ஓடுகின்றன. 2010-இல் ஐன்ஸ்டைன் அட் ஹோம் மூலம் ஒரு புதிய துடிப்பு விண்மீன் கண்டுபிடிக்கப்பட்டது. அதைக் கணக்கிட்டவை அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியின் கணினியும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒருவரின் கணினியும்.

குரோம்பேட்டைக்கும் இந்தத் துறையில் பங்கு உண்டு. 1949-இல் சி. ராஜம் நிறுவிய எம்.ஐ.டி., இப்போது அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகம். அங்குள்ள உயர்நிலைக் கணிமை ஆய்வு மையத்தில் கிரிட் கம்ப்யூட்டிங் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. எந்தப் பணியை எந்தக் கணினிக்குக் கொடுப்பது என்று தரகர்போல் தீர்மானிக்கும் மென்பொருளை அங்கே உருவாக்கினார்கள். அது நிறுவனங்களின் கணினிகளை இணைக்கும் முறை. நாம் பேசிக்கொண்டிருப்பது தன்னார்வலர்களின் வீட்டுக் கணினிகள். அடிப்படைக் கருத்து ஒன்றே. ஜி.எஸ்.டி. சாலையில் தினமும் அந்த வாசலைக் கடந்து வரும் மாணவர்களுக்கு அப்துல் கலாம் படித்த கல்லூரி என்று மட்டும் தெரியும், இதையும் சொல்லுங்கள்.

வீட்டில் அமைக்கும் முறை

மென்பொருளை நிறுவுவது ஐந்து நிமிட வேலை. பாயிங்க்கின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். உபுண்டு பயன்படுத்துவோருக்கு அதன் மென்பொருள் கிடங்கிலேயே கிடைக்கும். பிறகு 'ஆட் ப்ராஜெக்ட்' என்பதை அழுத்தி, பட்டியலிலிருந்து திட்டத்தைத் தேர்ந்து, மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொடுத்தால் கணக்குத் தொடங்கிவிடும். அங்கே கொடுக்கும் பெயர் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். புனைபெயர் போதும், பள்ளியின் பெயர் வேண்டாம். கிளைமேட் பிரடிக்‌ஷனில் எப்போதும் பணி இருக்காது. ஆய்வாளர்கள் புதிய கேள்வியோடு வரும்போதுதான் ஓட்டங்கள் வெளிவரும். சில பணிகள் லினக்ஸுக்கு மட்டும், சில விண்டோஸுக்கு மட்டும். ஆகவே இரண்டாவது திட்டம் ஒன்றையும் சேர்த்து, அதன் 'ரிசோர்ஸ் ஷேர்' அளவை 0 என்று வைத்துவிடுங்கள். முதல் திட்டத்தில் பணி இல்லாதபோது மட்டும் அது ஓடும். சில பழைய காலநிலை மாதிரிகளுக்கு லினக்ஸில் 32 பிட் நூலகக் கோப்புகள் தேவைப்படும். பணி தொடங்கிய சில நொடிகளிலேயே பிழை காட்டி நின்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

நிறுவிவிட்டு அப்படியே விட்டால் சில நாட்களில் வீட்டில் யாராவது அதை நீக்கிவிடுவார்கள். கணினி சூடாகிறது, மின்விசிறி இரைகிறது, எமிஸ் பக்கம் திறக்க நேரமாகிறது என்று புகார் வரும். அமைப்பில்தான் விஷயமே இருக்கிறது. 'ஆப்ஷன்ஸ்' பட்டியலில் 'கம்ப்யூட்டிங் பிரிஃபரன்சஸ்' என்ற பகுதியைத் திறந்துகொள்ளுங்கள்.

முதலில் வருவது, செயலியின் எத்தனை விழுக்காட்டைப் பயன்படுத்தலாம் என்ற கேள்வி. இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று எத்தனை கோர்கள், மற்றொன்று எவ்வளவு நேரம். நான்கு கோர் உள்ள கணினியில் முதல் கட்டத்தில் 50 என்று கொடுத்தால் ஒரே நேரத்தில் இரண்டு பணிகள் ஓடும். மீதி இரண்டு நமக்கு. இரண்டாவது கட்டத்தைக் குறைத்தால் பணி ஓடுவதும் நிற்பதுமாக மாறிமாறி நடக்கும். சூட்டைக் குறைக்கப் பலர் இதைத்தான் குறைக்கிறார்கள். காலநிலை மாதிரிக்கு இது உகந்ததல்ல என்பது என் கருத்து. நிற்காமல் ஒரே சீராக ஓடுவதே அதற்கு நல்லது. நேரத்தை 100 என்றே விட்டுவிட்டு, கோர்களைக் குறையுங்கள். நம் மே மாத வெயிலில் ஒரே ஒரு கோர் போதும், அல்லது நிறுத்தியே வைக்கலாம். மடிக்கணினியை மெத்தைமேல் வைத்து இதை ஓட்டவே கூடாது.

அடுத்தது, கணினியை நாம் பயன்படுத்தும்போது பணியை நிறுத்தி வைக்கும் வசதி. பழைய கணினியானால் இதை இயக்கிவிடுங்கள். விசைப்பலகையைத் தொட்டதும் நின்று, சில நிமிடம் தொடாமல் விட்டால் மீண்டும் தொடங்கும். இதோடு சேர்த்து இன்னொரு பெட்டியிலும் குறியிட வேண்டும்: நிறுத்தி வைத்த பணியை நினைவகத்திலேயே வைத்திருப்பது. இது பலர் கண்ணில் படுவதில்லை. குறியிடாவிட்டால் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பணி நினைவகத்திலிருந்து வெளியேறி, கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கும். இருபது நிமிடம் ஓடி, இருபது நிமிடமும் வீணாகி, நாள் முழுக்க இப்படியே போகலாம். பரமபதத்தில் பாம்பு கொத்தாமலேயே கீழே இறங்குவது மாதிரி.

இணையவழிப் பயிற்சிக் கூட்டம் நடக்கும்போது பாயிங்க் தானாக ஒதுங்க வேண்டுமானால், 'எக்ஸ்குளூசிவ் அப்ளிகேஷன்ஸ்' என்ற இடத்தில் அந்தக் கூட்டச் செயலியின் பெயரைச் சேர்த்துவிடலாம். அது திறந்திருக்கும்வரை பாயிங்க் அசையாது.

மின்வெட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதி முடியாது. மடிக்கணினியில் மின்கலத்தில் ஓடும்போது நிறுத்து என்ற குறியீடு சரியாக வேலை செய்யும். மேசைக் கணினியை வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்திருந்தால் அதற்கு மின்வெட்டு வந்ததே தெரியாது. இன்வெர்ட்டர் மின்கலத்தைத் தீர்த்துவிட்டுத்தான் ஓயும். இரவு மின்விசிறி நின்று வீட்டார் விழித்துக்கொள்வார்கள். ஆகவே மேசைக் கணினியை இன்வெர்ட்டர் இணைப்பில்லாத பிளக்கில் செருகுவது நல்லது. ஆனால் மின்சாரம் திடீரென்று போனால் காலநிலைப் பணி கெட்டுப்போக வாய்ப்புண்டு. நாமாக அணைக்கும்போதாவது பாயிங்க்கில் 'சஸ்பெண்ட்' கொடுத்து, ஒரு நிமிடம் பொறுத்து, பிறகு அணைக்க வேண்டும்.

சேமிப்பிடத்துக்கு 20 ஜி.பி. என்று வரம்பு வையுங்கள். பணிகளை எத்தனை நாளுக்கு முன்கூட்டியே வாங்கி வைப்பது என்ற இடத்தில் அரை நாள் போதும்; நிறைய வாங்கி முடிக்காமல் விட்டால் ஆய்வாளரின் காத்திருப்புத்தான் நீளும். விடைக் கோப்புகள் பெரியவை. கைப்பேசியின் இணையத்தைப் பகிர்ந்து பயன்படுத்துவோர் கோப்புப் பரிமாற்ற நேரத்தை இரவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையேல் அன்றைய டேட்டா காலையிலேயே தீர்ந்துவிடும்.

மின்கட்டணத்தையும் கணக்கிட்டுவிட்டுத் தொடங்குங்கள். முழுச் சுமையில் 100 வாட் எடுக்கும் கணினியை இரவு 8 மணி நேரம் கூடுதலாக ஓட்டினால் நாளொன்றுக்கு 0.8 யூனிட்; இரண்டு மாதத்துக்கு 48 யூனிட். நமக்கு இரு மாதக் கணக்கீடு. 460 யூனிட் வரும் வீட்டில் இந்த 48 சேர்ந்தால் 508. 500-ஐத் தாண்டியதும் கட்டண அடுக்கே மாறிவிடும். அந்த வீட்டில் நான்கு மணி நேரம் ஓட்டினால் 484-இல் நிற்கும். இதையே பத்தாம் வகுப்பில் மின்திறன் பாடத்துக்குக் கணக்காகக் கொடுக்கிறேன். அவரவர் வீட்டு மின்அட்டையை எடுத்துவரச் சொன்னால் ஆர்வம் கூடுகிறது.

பள்ளிக் கணினியில் வேண்டாம்

உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் இத்தனை கணினிகள் இரவில் சும்மா இருக்கின்றனவே என்று நம்மில் சிலருக்குத் தோன்றும். எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அதைத் தொடவே கூடாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டேவிட் மெக்கோவன் என்ற கணினி நிர்வாகி, தான் வேலை பார்த்த கல்லூரியின் கணினிகளில் 1999-இல் இப்படியொரு பகிர்வுக் கணிமை மென்பொருளை நிறுவினார். அது தீங்கற்ற மென்பொருள்தான். ஆனாலும் அவர்மீது கணினிக் குற்ற வழக்குப் பாய்ந்தது. 2002 ஜனவரியில் சமரசமாக முடிந்தபோது ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 2,100 டாலர் கட்டணம், 80 மணி நேரச் சமூகப் பணி. அரசுச் சொத்து, அரசு மின்சாரம், மாணவர் தரவு உள்ள வலையமைப்பு மூன்றும் நம் பொறுப்பில் இருப்பவை. மாணவர்களையும் வீட்டில் நிறுவச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். மின்கட்டணம் கட்டுவது அவர்கள் பெற்றோர். "சார், இது பிட்காயின் எடுக்கிறதா?" என்று எந்த வகுப்பிலும் ஒருவன் கேட்பான். இல்லை, இதில் பணம் வராது. பணம் வரும் என்று சொல்லும் எதையும் நிறுவாதே என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

கணினியே இல்லாத வகுப்பறையில்

இதற்கு மூன்று பகடைகள் போதும். ஒன்பதாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடத்தில் பட்டறி நிகழ்தகவு வரும் இடத்தில் மூன்று பாடவேளை ஒதுக்குங்கள். நான்கு பேர் கொண்ட பத்துக் குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் லூடோ பகடை மூன்று, ஒரு பணிச்சீட்டு. பகடை கிடைக்காவிட்டால் 1 முதல் 6 வரை எழுதிய காகிதச் சீட்டுகளை மூன்று டப்பாக்களில் போட்டுக் குலுக்கி எடுக்கலாம்.

முதல் பாடவேளை, கற்பனை உலகம். மூன்று பகடைகளையும் சேர்த்து 200 முறை வீச வேண்டும். மூன்றிலும் 6 விழுந்தால் அது 'பெருமழை'. அதன் வாய்ப்பு 1/216. ஒரு குழுவுக்குச் சராசரியாக ஒன்றுகூட வராது; பத்தில் நான்கு குழு வெறுங்கையோடு நிற்கும். "எங்க உலகத்துல பெருமழையே கிடையாது" என்று அந்தக் குழு முடிவு கட்டும். சொல்லட்டும். பிறகு பத்துக் குழுவின் விடைகளையும் கூட்டுங்கள்: 2,000 வீச்சில் ஏறத்தாழ 9 வர வேண்டும். தனித்தனியாக எதுவும் சொல்ல முடியாதவர்கள் சேர்ந்ததும் சொல்ல முடிகிறது.

இரண்டாம் பாடவேளை, பசுங்குடில் வாயு உலகம். ஒரு பகடையில் மட்டும் 1 என்ற முகத்தில் சிறு காகிதம் ஒட்டி 6 என்று எழுதுங்கள். இப்போது வாய்ப்பு 2/216. 2,000 வீச்சில் 18 அல்லது 19 எதிர்பார்க்கலாம். இரு உலகங்களின் விகிதத்தைக் கண்டால் ஏறத்தாழ 2.

மூன்றாம் பாடவேளை, புகைத்துகளும் சேர்ந்த உலகம். அதே பகடையில், முதலிலிருந்தே இருந்த 6-ஐ மறைத்து 1 என்று ஒட்டுங்கள். வாய்ப்பு மீண்டும் 1/216. வீசி எண்ணினால் முதல் உலகத்துக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. எண்ணிக்கையை மட்டும் பார்த்த ஒருவர் "பகடையை யாரும் தொடவில்லை" என்று சொல்லிவிடுவார். பகடையைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைகளுக்குத்தான் தெரியும், அதில் இரண்டு காகிதங்கள் ஒட்டியிருக்கின்றன என்று. புகைத்துகள் காகிதத்தை உரித்துவிட்டால் அந்தப் பகடையில் இரண்டு முகத்தில் 6 இருக்கும். அப்போது 3/6 ஆகுமா 2/6 ஆகுமா என்று அவர்களே வாதாடிக் கண்டுபிடிக்கட்டும். சென்னை மழை ஆய்வின் முடிவை இதற்குப் பிறகு சொன்னால் ஏமாற்றம் வருவதில்லை, கேள்விகள் வருகின்றன.

பணிச்சீட்டில் இரண்டு சீட்டை மட்டும் வேண்டுமென்றே இரண்டு குழுக்களுக்குக் கொடுங்கள்: ஒரு குழு வீச, மற்றக் குழு தனியே குறிக்க. இரண்டு பதிவும் ஒத்துப்போனால்தான் ஏற்க வேண்டும். பல பகிர்வுக் கணிமைத் திட்டங்கள் ஒரே பணியை இரண்டு கணினிகளுக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடுவது இப்படித்தான். நேரத்துக்குள் சீட்டைத் தராத குழுவின் பணியை வேறு குழுவுக்கு மாற்றுங்கள். அதுவும் உண்மையில் நடப்பதே.

தொடக்க வகுப்புகளுக்கு இவ்வளவு வேண்டாம். ஒரு பை நிறைய புளியங்கொட்டை. முதலில் ஒரு குழு மட்டும் எண்ணட்டும், மற்றவர்கள் காத்திருக்கட்டும். பிறகு பத்துப் பங்காகப் பிரித்து எல்லோரும் எண்ணி, பத்து பத்தாக, நூறு நூறாகக் குவித்துக் கூட்டட்டும். மூன்றாம் வகுப்பு இடமதிப்புக்கு இது தானாகப் பொருந்தும். ஒரு பங்கை மட்டும் இரண்டு குழுக்கள் தனித்தனியே எண்ணட்டும். விடை மாறினால் அங்கே நல்ல பாடம் நடக்கும்.

பகடை விளையாட்டில் ஓர் எச்சரிக்கை. 9-க்கு 18 என்று எப்போதும் அழகாக வராது. என் வகுப்பில் ஒருமுறை 12-க்கு 15 வந்தது. "சார், இது ரெண்டு மடங்கு இல்லையே" என்றார்கள். 2,000 வீச்சு போதவில்லை என்பதுதான் பொருள். அடுத்த பிரிவு மாணவர்களையும் வீசச் செய்து கூட்டியபோது இடைவெளி விரிந்தது. ஆகவே பணிச்சீட்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். உலகத்தின் பெயர், தேதி, வகுப்பு, வீச்சு எண்ணிக்கை, பெருமழை எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு நீள நோட்டில் எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு மாணவர்கள் 2,001-ஆவது வீச்சிலிருந்து தொடங்கலாம்.